வயிற்றில் மாவிளக்கு

பஸ்ஸில் மாசமா இருக்கியா என்று முதலில் கேட்டவளிடம் வசந்தகுமாரி இல்லை என்றுதான் சொன்னாள். கேட்டவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு வழியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் தங்கைக்கும் இப்படித்தான் வயிறு போட்டதாம். சுரைக்காய்ச் சாறு குடித்தாளாம். முன்சீட்டுக்காரி திரும்பி உட்கார்ந்து, கொள்ளு நல்லது என்றாள். ஆவடி வந்து பாதிக் கூட்டம் இறங்கும் வரை வசந்தகுமாரியின் வயிற்றைப் பற்றியே பேச்சு.

அடுத்த ஆள் கேட்டபோது, "அஞ்சு மாசம்" என்றாள். அதோடு முடிந்தது. உட்கார இடமும் கிடைத்தது.

அவளுக்கு முப்பத்து மூன்று வயது. வீடு சென்னீர்குப்பத்தில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை மேசைமேல் விரித்து, டேப் வைத்து அளந்து, தவறு இருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். புருஷன் ஆனந்தன் ஆவடியில் ஃபிட்டர். மாமியார் ராஜம்மா கூடவே இருந்தாள். குழந்தை இல்லை.

ஒன்று இருந்தது. எட்டாம் மாதத்தில் உள்ளேயே அசைவு நின்றுவிட்டது. பெண் என்று சொன்னார்கள். காட்டவில்லை. ஆனந்தனும் அவன் சித்தப்பாவும் துண்டில் சுற்றி எடுத்துப் போனார்கள். பால் வற்றுவதற்காக ராஜம்மா மல்லிகைப்பூவை மார்பில் வைத்து இறுக்கிக் கட்டினாள். மூன்றாம் நாள் வற்றிவிட்டது. வயிறு மட்டும் போகவில்லை. உள்ளே நீர் அதிகம் இருந்ததால் தோல் அளவுக்கு மீறி விரிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டரை வருஷம் ஆகியும் அது மடிந்து தொங்கியது. புடவை கட்டினால் ஐந்து மாதம் என்றுதான் சொல்லத் தோன்றும்.

தவறு எங்கே நடந்தது என்றால், அந்த ஐந்து மாதத்தை அவள் பஞ்சவர்ணத்திடம் சொன்னதில்.

பஞ்சவர்ணம் பூக்காரி. பூந்தமல்லியில் ஏறி, அம்பத்தூர் ஓ.டி.யில் இறங்கி, அங்கே கடை போடுவாள். தினமும் அதே பஸ். தினமும் கதவுக்கு அடுத்த சீட். சென்னீர்குப்பத்தில் வசந்தகுமாரி ஏறியதும் கூடையை மடியில் தூக்கிக்கொண்டு நகர்ந்து உட்காருவாள். கார்த்திகை மாதம் அவள் கேட்டாள். இவள் ஐந்து என்றாள். அவள் அதை மறக்கவில்லை. மார்கழியில் ஆறு என்று அவளே சொன்னாள். தை பிறந்ததும் ஏழு. கண்டக்டர் சீட்டுக் கிழிக்கும்போது, "ஒரு டிக்கெட்டா, ஒண்ணரையா?" என்பான். பஞ்சவர்ணம் அவனைத் திட்டுவாள். பஸ்ஸில் எல்லோரும் சிரிப்பார்கள். வசந்தகுமாரியும் சிரிப்பாள்.

மாசியில் ஒருநாள் பஞ்சவர்ணம் அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னாடி, கை மொட்டையா கீது. உங்க ஊட்ல வளகாப்பு போடலியா?"

வசந்தகுமாரி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பஞ்சவர்ணம் மேலே கேட்கவில்லை. மறுநாள் தாளில் சுற்றிய பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டைக் கொண்டுவந்து, பஸ் ஆட்டத்தில் உடையாமல், கைக்கு ஒன்றாகப் போட்டுவிட்டாள். எட்டாம் மாசம், ஜாக்கிரதையா இரு என்றாள்.

எட்டாம் மாதம்.

கம்பெனி வாசலில் வசந்தகுமாரி வளையலைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். அன்று நாற்பது சட்டைக்கு ஸ்டிக்கர் ஒட்டினாள். பாதிக்குமேல் தவறே இல்லாத சட்டைகள். சூப்பர்வைசர் எல்லாவற்றையும் பிரித்துத் திருப்பி அனுப்பினார். மறுநாளிலிருந்து அவள் அரைமணி நேரம் முந்திய பஸ்ஸைப் பிடித்தாள்.

வாரப் பத்திரிகையில் வந்த ஒரு பக்கத்தை அவள் ஏற்கெனவே கிழித்து வைத்திருந்தாள். கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள் என்று போட்டிருந்தது. அதை ஆனந்தனிடம் கொடுத்தாள். அவன் இரண்டு முறை படித்தான்.

"எதுக்கு?"

"பஸ்ல கேக்கறாங்க."

அவன் யோசித்தான். "ஸ்கூட்டர் வாங்கிக்கலாம். பஸ் வாணாம்."

"ரேஷன் கடைல கேக்கறாங்க. கம்பெனில புதுசா சேர்ற பொண்ணுங்க கேக்கறாங்க. ஒவ்வொரு தபாவும் மொதல்லேர்ந்து சொல்ல முடியல."

அவன் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். சரி என்றான்.

அண்ணா நகரில் ஒரு நர்சிங் ஹோம். டாக்டர் பெயர் பார்த்தசாரதி. மெதுவாகப் பேசுவார். அவள் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். விட்டார். பக்கவாட்டில் மட்டும்தான் உறிஞ்சி எடுக்க முடியும் என்றார். முன்பக்கம் கொழுப்பை எடுத்தால் தோல் காலிப் பையாகத் தொங்கும். அதை வெட்டி எடுத்துவிட்டு, மேல்தோலைக் கீழே இழுத்துத் தைக்கவேண்டும். தொப்புளுக்குப் புதிதாக ஓர் ஓட்டை போடவேண்டும். தழும்பு இந்த இடுப்பெலும்பிலிருந்து அந்த இடுப்பெலும்பு வரை இருக்கும்.

அவளுக்கு அது புரிந்தது. பீஸ் பெரிதாக இருந்தால் தையலைப் பிரித்து, மிச்சத்தை வெட்டி, திரும்ப மூட்டுவது தினமும் பார்க்கிற வேலை.

"எடை குறையும்னு நினைக்காதீங்க. வடிவம்தான் மாறும்" என்றார் டாக்டர். பிறகு, இனிமேல் பிள்ளை பெறும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தால் இப்போது செய்யக்கூடாது. மறுபடி விரிந்துவிடும்.

"இல்ல" என்றாள் வசந்தகுமாரி.

ஆனந்தன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். பிறகு கையெழுத்துப் போட்டான்.

டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். தமிழில் டைப் அடித்து நகல் எடுத்தது. ஆபரேஷனுக்குப் பின் எதிர்பார்க்க வேண்டியவை என்று தலைப்பு. பதினோரு வரிகள். ஒரு வாரம் குனிந்தே நடக்கவேண்டும். குழாய் வழியே ரத்தநீர் வடியும். ஆறு வாரம் இரவும் பகலும் பெல்ட் போடவேண்டும். வீக்கம் முழுதாக வடிய ஆறு மாதம் ஆகும். அதற்குள் கண்ணாடியில் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. ஏழாவது வரியை டாக்டர் விரல் வைத்துப் படித்தார். தோல் மரத்துப்போகும். உணர்ச்சி திரும்ப ஒரு வருஷம்கூட ஆகலாம். சில இடத்தில் திரும்பாமலும் போகலாம். வெந்நீர்ப் பை, சூடான ஒத்தடம் வைக்கக்கூடாது.

"சூடு உங்களுக்குத் தெரியாது. தோலுக்குத் தெரியும்" என்றார்.

வீட்டில் கட்டி என்று சொன்னார்கள். ராஜம்மாவுக்கு அது போதும். மீதியை அவளே சேர்த்துக்கொண்டாள். அந்தக் கட்டிதான் குழந்தையைத் தங்கவிடாமல் செய்திருக்கிறது. கட்டி போனால் தங்கும். அன்று சாயங்காலமே பொன்னியம்மன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். மருமகள் நல்லபடியாக எழுந்து நடமாடினால் ஆடி மாதம் அவள் வயிற்றில் மாவிளக்கு ஏற்றுவதாக.

பங்குனியில் ஆபரேஷன். டாக்டர் அவளை நிற்கவைத்து, வயிற்றிலும் இடுப்பிலும் பேனாவால் கோடு போட்டார். வட்டம் போட்டார். படுத்தால் எல்லாம் சரிந்துவிடும், நிற்கும்போதுதான் அளவு சரியாக வரும் என்றார். பிறகு ஊசி. பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். ஏழு வரை எண்ணினாள்.

விழித்தபோது முழங்காலுக்கடியில் தலையணை இருந்தது. இரண்டு பக்கமும் குழாய். வலி இடுப்பில்தான் இருந்தது, யாரோ கட்டையால் அடித்ததுபோல. வயிற்றில் எதுவும் இல்லை. எடுத்ததைக் காட்டச் சொன்னாள். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"அதெல்லாம் அப்பவே எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா."

சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

தாளில் இருந்தபடியே எல்லாம் நடந்தது. குனிந்து நடந்தாள். வடிந்தது. இடுப்பு நீலமாகி, பச்சையாகி, மஞ்சளானது. பெல்ட் போட்டாள். ராஜம்மா பூண்டுக் குழம்பும் கருவாடும் ஆக்கிப்போட்டாள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வந்தபோது, டாக்டர் கூடாதென்றார் என்று வசந்தகுமாரி தடுத்துவிட்டாள். கட்டி எடுத்த இடத்தைக் காட்டச் சொன்னபோது, பெல்ட்டைக் கழற்றக்கூடாது என்றாள்.

வேலைக்குத் திரும்பிய பிறகு, சாப்பாட்டு நேரத்தில் குண்டூசியால் வயிற்றைக் குத்திப் பார்ப்பாள். மேலிருந்து தொப்புளுக்கு நான்கு விரல் முன்பு வரை குத்து தெரியும். அதற்குக் கீழே தெரியாது. ஒருநாள் மரத்த இடத்தை டேப் வைத்து அளந்தாள். எட்டு அங்குலம் குறுக்கே, ஐந்து அங்குலம் இறக்கம். அடுத்த மாதம் அளந்தபோதும் அதே அளவு.

பஸ்ஸில் யாரும் எழுந்து இடம் தரவில்லை. ஆவடி தாண்டி அம்பத்தூர் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. இதற்காகத்தான் செய்தோம் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை.

ஆடி மூன்றாம் வெள்ளி. ராஜம்மா விடியற்காலையிலேயே அரிசியை ஊறவைத்து இடித்துவிட்டாள். வெல்லம் சேர்த்துப் பிசைந்து, பெரிய உருண்டையாக்கி, நடுவில் கட்டை விரலால் குழி போட்டாள். உருண்டையைத் தொட்டுப் பார்த்து, மாவு கொஞ்சம் இளகிப்போச்சு என்றாள். பரவாயில்லை என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

வேண்டாம் என்று சொல்ல வசந்தகுமாரிக்கு ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொன்னால் கட்டி இல்லை என்று சொல்லவேண்டும். பிள்ளை வேண்டாமென்று கையெழுத்துப் போட்டதைச் சொல்லவேண்டும். ஈரத்துணிக்கு மேல் இலை, இலைக்கு மேல் விளக்கு, ஊரில் எல்லாரும் செய்வதுதானே என்று இருந்துவிட்டாள். ஏழாவது வரியில் விளக்கு என்று எழுதியிருக்கவில்லை.

கோயில் முன்னால் பந்தலில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அவளும் ஈரப்புடவையோடு படுத்தாள். தழும்பு தெரியாமல் கொசுவத்தை இறக்கிச் செருகினாள். ராஜம்மா மஞ்சள் துணியை நனைத்து வயிற்றில் விரித்தாள். வாழையிலைத் துண்டு. அதன்மேல் மாவிளக்கு. பூசாரி அப்பாவு கற்பூரத்திலிருந்து திரியை ஏற்றிக்கொண்டே வந்தார். நெய் தீர்ந்து விளக்கு தானாக மலையேறும் வரை எழுந்திருக்கக்கூடாது.

பக்கத்தில் படுத்திருந்தவள் இரண்டாம் நிமிஷமே நெளிந்தாள். சுடுது அத்தை என்றாள். அவள் அத்தை விசிறினாள். அந்தப் பக்கம் ஒருத்தி தாயே தாயே என்று முனகினாள். வசந்தகுமாரி மேலே தென்னங்கீற்றின் இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கின் கனம் மார்புக்குக் கீழே லேசாகத் தெரிந்தது. அதற்கப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

டாக்டர் விரல் வைத்துப் படித்த வரி மறுபடி ஞாபகம் வந்தது. கொஞ்சம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மாவு ஒரு பக்கம் விண்டு, நெய் இலையில் ஓடியிருந்தது. திரி சரிந்து இலைமேல் கிடந்து எரிந்தது. இலை சுருண்டு கறுத்துக்கொண்டிருந்தது. ராஜம்மாவும் பார்த்துவிட்டாள். பூசாரியைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து வசந்தகுமாரியின் முகத்தைப் பார்த்தார்.

"சுடுதாம்மா?"

எழுந்து உட்காரலாம். சுடுகிறது என்று சொல்லலாம். அது பொய். சுடவில்லை என்றால் ஏன் சுடவில்லை என்று சொல்லவேண்டும்.

"இல்ல" என்றாள்.

பூசாரி நிமிர்ந்தார். கையைக் கூப்பினார். அசையாத கெடக்குது பாரு, வுடு, ஆத்தா வந்து குந்திக்கினா என்று ராஜம்மாவிடம் சொன்னார். சுற்றி இருந்த பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ அவள் காலைத் தொட்டார்கள். கருகல் வாசனை வந்தது. இலை என்று நினைத்தாள். விளக்கு மலையேற இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. திருநீறு பூசும்போது பூசாரி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"வயிறு குளுந்து போச்சு. வர்ற ஆடிக்குள்ள உங்க ஊட்ல தூளி ஆடும்."

வீட்டுக்கு வந்து ராஜம்மாதான் வயிற்றில் ஒட்டிக்கிடந்த மஞ்சள் துணியை எடுத்தாள். துணியோடு தோலும் வந்தது. உள்ளங்கை அளவு. அடியில் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. ராஜம்மா துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வலிக்கலியா?"

"இல்ல அத்தை."

"நெசமா?"

"நெசமாத்தான்."

ராஜம்மாவின் கண் கீழே, கொசுவம் நழுவிய இடத்தில் தெரிந்த நீளத் தழும்புக்குப் போனது. கட்டி ரொம்பப் பெருசு போல என்றாள். வசந்தகுமாரி ஆமாம் என்றாள். ராஜம்மா சுவரில் இருந்த அம்மன் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு தெருவுக்குப் போனாள்.

அன்று இருட்டுவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. வயிற்றில் தீ எரிந்தும் முகம் சுளிக்கவில்லை. அம்மன் வாக்குக் கொடுத்துவிட்டாள். பெண்கள் வந்து பார்த்தார்கள். கல்யாணமாகி நாலு வருஷமான ஒருத்தி தன் கையை வசந்தகுமாரியின் வயிற்றின்மேல் வைத்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குழாயடியில் ஒருத்தி, "இன்னா வசந்தா, தல முழுவாத கீறியா?" என்று கேட்டாள். அடுத்த மாதம் இரண்டு பேர் கேட்டார்கள். வயிறு தட்டையாக இருந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள்.

ராஜம்மா கேட்கவில்லை. அவள் மாதா மாதம் தேதியை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனந்தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னதாகவே வேலைக்குக் கிளம்பிவிடுவான்.

புண் ஆறவில்லை. டாக்டரிடம் போனாள். அவர் கட்டைப் பிரித்து, குனிந்து பார்த்தார்.

"என்ன வச்சீங்க? வெந்நீர்ப் பையா?"

"மாவிளக்கு சார்."

அவருக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"படிச்சுக் காட்டினேனே. சூடு கூடாதுன்னு சொன்னேன் இல்ல?"

"ஒத்தடம்னு சொன்னீங்க சார். விளக்குன்னு சொல்லல."

அவர் அவளையே பார்த்தார். கேலி இல்லை என்று தெரிந்ததும் மேசை இழுப்பறையைத் திறந்தார். நகல் தாள்கள் ஒரு கட்டு இருந்தன. மேல் தாளை எடுத்து, பதினோராவது வரிக்குக் கீழே பேனாவால் எழுதினார். 12. வயிற்றின்மேல் விளக்கு ஏற்றக்கூடாது. மை காய ஊதினார். இனி நகல் எடுக்கும்போது இதுவும் சேர்ந்துவிடும் என்றார். வாரம் ஒருமுறை கட்டு மாற்ற வரவேண்டும். தழும்பு நிற்கும். அந்த இடத்தில் உணர்ச்சி திரும்பும் என்று சொல்வதற்கில்லை.

"வலி இருக்கா?"

"இல்ல சார்."

"இருந்தா நல்லாயிருக்கும்" என்றார்.

புரட்டாசியில் ஒரு புதன்கிழமை. கட்டு மாற்றிக்கொண்டு நேரே அம்பத்தூர் போய், அரைநாள் வேலை செய்துவிட்டு, சாயங்காலம் ஓ.டி.யில் பூந்தமல்லி பஸ் ஏறினாள். கூட்டம். புதுக் கட்டின்மேல் யாரும் இடிக்காமலிருக்க ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். யாரோ முந்தானையை இழுத்தார்கள்.

கதவுக்கு அடுத்த சீட். மடியில் கூடை.

"இங்க குந்து" என்று பஞ்சவர்ணம் நகர்ந்தாள். "எங்கடி போயிட்ட? நான் பாட்டுக்குத் தெனமும் எடம் போட்டு வச்சினுகீறேன்."

வசந்தகுமாரி உட்கார்ந்தாள். பஞ்சவர்ணம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"பொறந்துச்சா?"

பஸ் கிளம்பியது. வசந்தகுமாரி ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"பொறந்துச்சு."

"இன்னா கொயந்த?"

"பொண்ணு."

"மகாலட்சுமி" என்றாள் பஞ்சவர்ணம். பங்குனியா, சித்திரையா என்று விரல் விட்டு எண்ணினாள். பங்குனி என்று அவளே முடிவு செய்தாள். "ஆறு மாசம் ஆவுது. கவுந்துக்குமே இப்ப. பேரு இன்னா?"

"இன்னும் வெக்கல."

"ஆறு மாசமா பேரில்லாதயா கீது?"

"ஆமாக்கா."

பஞ்சவர்ணம் தலையை ஆட்டிக்கொண்டாள். ஆம்பிளைகள் எந்த வீட்டுப் பெயரை வைப்பது என்று சண்டை போட்டால் இப்படித்தான் என்றாள். கண்டக்டர் வந்தான். பழைய ஆள் இல்லை. வசந்தகுமாரி ஒரு டிக்கெட் வாங்கினாள்.

ஆவடியில் கூட்டம் குறைந்தது. பஞ்சவர்ணம் கூடையின் ஈரத்துணியை விலக்கினாள். விற்காத மல்லிகை ஒரு பந்து மிச்சம் இருந்தது. ஒரு முழம் அளந்து, பல்லால் கடிக்கப் போனவள் நிறுத்தினாள். திரும்பக் கூடைக்குள் வைத்தாள். அடியில் துழாவி, கொஞ்சம் வாடிய கனகாம்பரச் சரம் ஒன்றை எடுத்தாள்.

"பால் குடுக்கறவ மல்லி வெக்கக்கூடாது. வத்திடும். இத்த வச்சிக்கோ."

வசந்தகுமாரி வாங்கிக்கொண்டாள். அவள் ஒரு கையை வயிற்றிலிருந்து எடுக்கவில்லை. அதனால் பஞ்சவர்ணமே அவள் தலையை முன்னால் குனியவைத்து, பின்னலில் கொண்டை ஊசி குத்திச் செருகிவிட்டாள். ஊசி மண்டையில் பட்டது.

"வலிக்குதா?"

"வலிக்குது" என்றாள் வசந்தகுமாரி.